பிந்திப் பூக்கும் கிலுகிலுப்பை

பிப்ரவரி 9, 2018. வெள்ளி

மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாசிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்பேசி மேசையில் ஒருமுறை அதிர்ந்தது. வகுப்பு முடியும்வரை எடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு கட்டுப்பாடு உண்டு என்று எழுதலாம். உண்மையில் பயம்.

பத்திரிகையிலிருந்துதான் பதில். நவம்பரில் அனுப்பிய கட்டுரையை அவர்கள் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பெயர் சொல்லாத இரண்டு நிபுணர்கள் படித்திருக்கிறார்கள். முதல் ஆள் தங்கமானவர். நான் கண்டது புது இனம்தான், வைத்திருக்கும் பெயரும் பொருத்தம், பெயர்க்காரணத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் விரித்து எழுதவும் என்கிறார். இரண்டாம் ஆள் இப்படி எழுதுகிறார்: “ஒரே மலைச்சரிவு, ஒரே வருடம். பூவின் முதுகில் இருப்பதாகச் சொல்லும் பட்டுமுடி அந்த வருட வறட்சியால் வந்ததாக இருக்கலாம். வேறொரு வருடத்துப் பூவிலும் அது உண்டு என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் இது ஏற்கெனவே தெரிந்த செடிதான்.”

அறுபது நாள் அவகாசம். ஏப்ரல் 10.

பெரிய விஷயமில்லை. என் செடி மார்ச்சில் மறுபடியும் பூக்கும். மலையேறிப் பறித்து வந்தால் தீர்ந்தது. வனத்துறை அனுமதிக்கு இன்றே விண்ணப்பம் எழுதிவிட்டேன். தோசை மாவு புளித்துப்போய்விட்டது, நாளைக்கு ஊத்தப்பம்.

பிப்ரவரி 11. ஞாயிறு

இவர் கேட்டார். மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதருக்கு எதையும் கம்பம், கம்பி, இணைப்பு என்று வரிசையாகச் சொன்னால்தான் ஏறும். அதனால் முதலிலிருந்து சொன்னேன்.

காரையாற்றுக்கு மேலே புல்வெளிச் சரிவுகளில் கிலுகிலுப்பைச் செடி உண்டு. காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை உருண்டு கிலுகிலுவென்று சத்தம் போடும். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், மஞ்சளாகப் பூக்கும். அதைத் தெரியாத தாவரவியல்காரர் கிடையாது. அதே சரிவில், அதே உயரத்தில், அதே இலையோடு இன்னொன்று நிற்கிறது. அது மாசி பங்குனியில், புல்லெல்லாம் காய்ந்து வைக்கோலான பிறகு பூக்கிறது. பெரிய இதழின் முதுகில் வெள்ளிப் பட்டுமாதிரி முடி. கல்லூரிகள் செடி சேகரிக்க மாணவர்களை அழைத்துப் போவது மழைக்காலத்தில். மார்ச்சில் எல்லோருக்கும் தேர்வு. இலையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாரும் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவைத்துவிட்டார்கள்.

“அப்ப ஒன் பேரையே வச்சிர வேண்டியதுதான? வடிவுன்னு.”

“நம்ம பேர நாமளே வைக்கக்கூடாது. அசிங்கம்.”

“வேற யாரு வைப்பா? நான் வைக்கேன். நான் கண்டுபிடிச்சேன்னு எழுதிரு.”

சிரிக்காமல் சொல்வதில் இவரை மிஞ்ச ஆளில்லை. நான் வைத்திருக்கும் பெயர் செரோட்டினா என்றேன். மாத்திரைப் பெயர் மாதிரி இருக்கிறது என்றார்.

பிப்ரவரி 18. ஞாயிறு

பெயர்க்காரணப் பத்தி எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் இங்கே தமிழில் எழுதிப் பார்க்கிறேன். அப்போதுதான் எனக்கு உண்மையாகத் தெரியுமா என்று தெரியும்.

லத்தீனில் ‘செரோ’ என்றால் தாமதமாக. அதோடு ‘டினுஸ்’ என்று ஒரு விகுதி சேர்கிறது. அது காலத்தைச் சொல்லும் சொற்களோடு ஒட்டுகிற விகுதி. ‘நாளை’யோடு சேர்ந்தால் நாளைக்குரியது, ‘நெடுநாள்’ என்பதோடு சேர்ந்தால் நெடுநாள் நீடிப்பது. தாமதத்தோடு சேர்ந்தால் செரோட்டினுஸ்: பிந்தி வருவது, பிந்திப் பழுப்பது, பிந்திப் பூப்பது. இது வசைச்சொல் இல்லை. அந்தக் கால ரோமாபுரி விவசாயிகள் பருவம் கடந்து பழுக்கும் அத்திப்பழத்துக்கு வைத்திருந்த சொல். பருவம் தள்ளி விதைப்பதை நம் ஆட்கள் பின்பட்டம் என்று சொல்வதுபோல. பின்பட்டத்தில் விதைத்த உளுந்தை யாரும் சோம்பேறி உளுந்து என்று திட்டுவதில்லை.

தாமதம் என்றாலே நமக்குக் குற்றம். பேருந்து தாமதம், கல்யாணம் தாமதம், குழந்தை தாமதம். அந்த ஒரு சொல்லில் மட்டும் குற்றம் இல்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது. இவர் நினைப்பதுபோல் என்னைப் பற்றி இல்லை. நாற்பத்தாறு வயதில் முதல் கட்டுரை எழுதுவது ஒன்றும் உலக அதிசயமல்ல.

பிப்ரவரி 24. சனி

இலக்கணம். லத்தீன் பெயரடை தான் ஒட்டுகிற பெயருக்கு ஏற்ப உடை மாற்றும். ஆண்பாலுக்கு செரோட்டினுஸ், பெண்பாலுக்கு செரோட்டினா, இரண்டும் இல்லாததற்கு செரோட்டினும். தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு, ‘நல்ல’ அசையாது. ஆனால் வந்தான், வந்தாள், வந்தது என்று நம் வினை அந்த வேலையைச் செய்கிறது. அவர்கள் பெயரடையிலும் செய்கிறார்கள், அவ்வளவுதான். கிலுகிலுப்பைக்கு அறிவியலில் குரோட்டலேரியா. கிரேக்கத்தில் கிலுகிலுப்பை என்றேதான் பொருள். அது பெண்பால். ஆகவே செரோட்டினா. மரங்களில் இன்னும் வேடிக்கை. பெயர் ஆண் மாதிரி ‘உஸ்’ என்று முடிந்தாலும் லத்தீனில் மரமெல்லாம் பெண்.

உஸ், ஆ, உம். உஸ், ஆ, உம். கிரைண்டரில் மாவு தள்ளும்போது இருபத்தொரு வருடமாக இதை முணுமுணுக்கிறேன். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைத் தாலாட்டு என்று நினைத்திருந்தாள்.

ஏன் முணுமுணுக்க ஆரம்பித்தேன் என்பது பழைய கதை.

பிப்ரவரி 27. செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. மார்ச் 4.

மார்ச் 4. ஞாயிறு

எரிந்துவிட்டது.

காரையாறு வரை ஜீப், பிறகு மூன்று மணி நேரம் நடை. வனத்துறை வாச்சர் பூதத்தான் முன்னால் போனார். கடைசித் திருப்பத்துக்கு முன்பே அவர் நின்றுவிட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறேன், அவர் திரும்பாமலே சொல்கிறார்.

“யக்கா, போன வாரம் மேல பொக வந்துச்சு. இங்கயா இருக்கும்னு நெனைக்கல.”

சரிவு முழுக்கக் கறுப்பு. பாறைக்கு மேலே இரண்டு புல்கட்டை மட்டும் மிச்சம். போன வருடம் கிலுகிலுப்பை நின்ற இடங்களில் நான் குச்சி நட்டு நாடா கட்டியிருந்தேன். நாடா உருகி ஒட்டியிருந்தது. முட்டிபோட்டு ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தேன். புடவை, கை, முகம் எல்லாம் கரி. பூதத்தான் தன் பங்குக்கு மறுபக்கச் சரிவு வரை போய்த் தேடிவிட்டு வந்து கையை விரித்தார்.

ஒரு பூ போதும் எனக்கு. ஒன்று.

மார்ச் 5. திங்கள்

கால் வலி. வகுப்புக்குப் போனேன்.

மார்ச் 9. வெள்ளி

இன்னும் முப்பத்திரண்டு நாள். இவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

“மொதல்ல பாத்தேன்னு சொன்னியே, தொண்ணூத்தேழுல. அப்ப பறிச்சது எங்க?”

இருக்கிறது. இருக்க வேண்டும். 1997 மார்ச்சில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அதே சரிவில் பறித்தேன். பிரஸ்ஸில் அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கள் கல்லூரி ஹெர்பேரியத்தில் வைத்தேன். தாள் எண் 114. ஹெர்பேரியம் என்பது செடிகளின் ஆவணக் கிடங்கு. ஒரு தாளுக்கு ஒரு செடி, வலது கீழ் மூலையில் சீட்டு, எங்கே, எப்போது, யார்.

ஆனால் அந்தத் தாள் உதவாது. காரணத்தை இங்கே எழுத வேண்டியதில்லை.

மார்ச் 14. புதன்

சரி, பார்த்துவிடுவோம் என்று ஹெர்பேரிய பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை நெடி. 113 இருக்கிறது, 115 இருக்கிறது. நடுவில் ரோஜா நிறத்தில் இரவல் சீட்டு. “எடுத்தவர்: டாக்டர் தேவகடாட்சம். ஜூன் 2004.”

என் பழைய வழிகாட்டி. ஓய்வு பெற்ற மாதத்தில் எடுத்துப் போயிருக்கிறார், நான் இங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்பே. பேராசிரியர்கள் ஹெர்பேரியத் தாளை இரவல் வாங்குவதும் திருப்பித் தராததும் எங்கள் துறையில் குடும்பப் பழக்கம் மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார். என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். இருபத்தொரு வருடமாக நான் அந்தத் தெரு வழியாகப் போனதில்லை. அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்ததில்லை, அதனால்தான்.

மார்ச் 18. ஞாயிறு

இன்று போகலாமென்று இருந்தேன். துணி நிறையச் சேர்ந்துவிட்டது. பரண் வேறு துடைக்க வேண்டியிருந்தது. புளி வாங்கிக் கொட்டை எடுத்துக் காயவைத்தேன்.

“பரணு அடுத்த வாரம் ஓடிப் போயிருமா?” என்றார் இவர்.

மார்ச் 21. புதன்

யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதுகிறேன் என்றால் எனக்கு என்ன மரியாதை. எழுதிவிடுகிறேன்.

1997 ஏப்ரல், துறைக் கருத்தரங்கு. நாற்பது பேர். நான் புதிய இனம் என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். பலகையில் பெயரையும் எழுதினேன், செரோட்டினுஸ் என்று. தேவகடாட்சம் சார் முன்வரிசையிலிருந்து, “குரோட்டலேரியா பொம்பளை. நீ ஆம்பளை வேஷம் கட்டி அனுப்பியிருக்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தாளை வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “எல்லாம் அதே செடிதான். லேட்டா பூத்தா புதுசாயிருமா? அப்ப லேட்டா கிளாசுக்கு வாரவன்லாம் புது மனுசனா?” இன்னும் பெரிய சிரிப்பு. பழைய இனத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி என் சீட்டுக்குப் பக்கத்தில் அங்கேயே ஒட்டினார்.

மகள் பிறந்ததால் ஆராய்ச்சியை விட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மகள் பிறந்தது 1999-இல்.

இது பாதிதான். மீதி இன்னும் கஷ்டம். பூவின் முதுகில் பட்டுமுடி இருப்பதை பூ வாடுமுன்பே நான் பார்த்திருந்தேன். தாளில் ஒட்டும்போது அழகாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு பூவையும் முகம் மேலே வைத்து, முதுகில் பசை தடவி ஒட்டிவிட்டேன். எந்தப் பக்கம் முக்கியமோ அந்தப் பக்கத்தைக் காகிதத்தோடு சேர்த்து அடைத்துவிட்டேன். செடி ஒட்டத் தெரிந்த எவரும் செய்யக்கூடாத தப்பு. அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அந்தத் தாளில் முடி இல்லை. இருக்க நான் விடவில்லை. கருத்தரங்கில் அதைச் சொல்லியிருக்கலாம். சிரிப்புச் சத்தத்தில் எனக்கு வாய் வரவில்லை. அன்று மாலையே தப்பு எங்கே என்று தெரிந்தும், இருபத்தொரு வருடம் அவரை மட்டும் திட்டினேன்.

மார்ச் 22. வியாழன்

உறை! ஒவ்வொரு தாளிலும் மேல் மூலையில் காகிதத்தை மடித்து ஒரு சின்ன உறை ஒட்டுவோம். ஒட்டும்போது உதிர்ந்த இலை, விதை, இதழ் எதையும் ஊதித் தள்ளக்கூடாது; உறைக்குள் போட வேண்டும். ஒட்டும்போது ஒரு பூ உதிர்ந்தது ஞாபகம் இருக்கிறது. மேசையில் அது கிடந்ததும் ஞாபகம் இருக்கிறது. உறையில் போட்டேனா, துடைத்துவிட்டேனா?

ஞாபகமில்லை. பசை தடவிய அவசரம்.

மார்ச் 25. ஞாயிறு

போய்விட்டேன். இவர் பைக்கில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டு, “நான் இங்கனயே டீ குடிச்சிட்டு நிக்கேன். நீ போ” என்றார். நான் திரும்பிவிடாமல் இருக்கத்தான் நின்றார்.

குருத்தோலை ஞாயிறு. அவர் வீட்டு வாசல் கம்பியில் சிலுவையாக மடித்த ஓலை செருகியிருந்தது. அவர் மகள் கதவைத் திறந்தாள். சார் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். எழுபத்திரண்டு வயது, கை நடுங்குகிறது, குரல் மட்டும் அப்படியே.

“யாரு?”

“சங்கரவடிவு, சார். பழைய ஸ்டூடன்ட்.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “நூத்துப் பதினாலுக்கு வந்தியா” என்றார்.

எனக்கு உட்காரத் தோன்றியது. யாரும் சொல்லாமலே உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுக்கச் சொன்னார். நானேதான் இழுத்தேன். நாற்பது ஐம்பது தாள் இருக்கும், வேப்பிலை போட்டுப் பத்திரமாக. 114 எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். தாளில் இருக்கும் ஒரு பெயர் தப்பு என்று தெரிந்தால் அதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. தன் கருத்தைத் தனிச் சீட்டில் எழுதி, பெயரும் தேதியும் போட்டுப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பது அப்படியே இருக்கும். 114-இல் என் சீட்டு, அதன் பக்கத்தில் 1997-இல் அவர் ஒட்டிய சீட்டு. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒன்று, அவர் கையெழுத்து:

“பழைய இனம் அன்று. புதியது. உறையிலுள்ள பூவைப் பார்க்க. சங்கரவடிவு சொன்னது சரி. குரோட்டலேரியா செரோட்டினா என்பது அவர் வைத்த பெயர். தே. க., 2.10.2006.”

மூன்று முறை படித்தேன். பன்னிரண்டு வருடம். பத்து நிமிட தூரத்தில், கட்டிலுக்கு அடியில், நான் சொன்னது சரி என்று எழுதிய சீட்டு கிடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வீட்டுக் கூரை போதாது.

“ஏன் சார் சொல்லல?”

“சொல்லியிருக்கணும்.”

“ஏன் சொல்லல?”

“நாப்பது பேரு முன்னால சிரிச்சேன். தப்புன்னு ஒரு ஆளுகிட்ட வந்து சொல்லுதது கஷ்டமா இருந்துச்சு. நாளைக்கு, நாளைக்குன்னு போயிட்டு.” கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சீட்டுல எழுதிட்டா சொன்ன மாதிரிதானன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்.”

நான் சும்மா இருக்கவில்லை. “நான் படிப்பையே விட்டேன் சார்” என்றேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம் அதை வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நானும் சொன்னேன், பூவை முதுகுப் பக்கம் ஒட்டியது நான்தான் என்று.

“அது தெரியும். உறையைத் திறந்த அன்னைக்கே தெரிஞ்சுது. ஒட்டுனது தப்பு. ஆனா உதுந்தத எடுத்து வச்சிருந்த பாரு, அது சரி. நான் அன்னைக்கு ஒறையத் தொறந்து பாக்கல. ரெண்டு பேருக்கும் மார்க்கு கொறையத்தான் செய்யும்.”

உறையை அங்கேயே திறந்தேன். ஒரு முழுப் பூ, உடைந்த இதழ் இரண்டு, விதை ஒன்று. பூவைத் தாளோரத்தில் மெதுவாகத் திருப்பினேன். முதுகில் வெள்ளிப் பட்டு. இருபத்தொரு வருடம் கழித்தும் வெளிச்சத்தில் மின்னுகிறது.

கிளம்பும்போது, “எங்க சபையில மார்ச்சு ஏப்ரல்ல பெய்யுத மழைய பின்மாரின்னு சொல்லுவோம்” என்றார். “லத்தீன்ல அதுக்கும் இந்த வார்த்தைதான். உன் பத்தியில சேத்துக்க. என் பேரு வேண்டாம்.”

தெருமுனையில் இவர் மூன்றாவது டீயில் இருந்தார். தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வண்டி வழக்கத்தைவிட மெதுவாகப் போனது.

மார்ச் 30. வெள்ளி

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்கு இவர் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைத்தோம். மைனி, “என்ன வடிவு, மொகம் தெளிஞ்சு கெடக்கு” என்றாள். வெயில் என்றேன்.

ஏப்ரல் 6. வெள்ளி

நான்கு நாளாக ஆய்வகத்தில்தான் குடித்தனம். 1997 பூவையும் 2017 பூவையும் ஒரே நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தேன். முடியின் நீளம், அடர்த்தி, அது தொடங்கும் இடம், எல்லாம் ஒன்று. ஹெர்பேரியத்திலுள்ள மழைக்காலச் செடித் தாள்களிலிருந்து இருபது பூ எடுத்துப் பார்த்தேன், ஒன்றில்கூட முடி இல்லை. இருபது வருட இடைவெளி, இரண்டு பூ, ஒரே முதுகு. 1997 நல்ல மழை பெய்த வருடம் என்பதற்கு அணைக்கட்டின் மழைப் பதிவையும் சேர்த்தேன். வறட்சியாம் வறட்சி.

பெயர்க்காரணத்தில் பின்மாரியையும் சேர்த்தேன். நன்றியுரையில் ஒரு வரி: “தாள் 114-ஐப் பாதுகாத்து, அதன் உறையைத் திறந்து பார்த்த டாக்டர் தேவகடாட்சத்துக்கு.” பேர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை எல்லாம் கேட்ட காலம் போய்விட்டது.

மாலை 4.20-க்கு அனுப்பினேன். நாலு நாள் மிச்சம் வைத்து. நான் ஒன்றை நேரத்துக்கு முன்பே கொடுத்திருப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்றார் இவர்.

ஏப்ரல் 19. வியாழன்

மூன்று நாளாக மாலையில் மழை. வடாம் எல்லாம் போச்சு.

ஏப்ரல் 29. ஞாயிறு

பூதத்தான் போன் செய்தார். மலையில் சிக்னல் வரும் ஒரே பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்டிருக்கிறார். முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

“யக்கா, வேரு சாகலக்கா. மழ பேஞ்சதும் அடியிலருந்து தளுத்து வந்துட்டு. பூத்து நிக்கி.”

“எத்தன செடி?”

“எண்ணிட்டுத்தான் கூப்புடுதேன். நாப்பத்தொண்ணு.”

போன வருடம் நான் எண்ணியது பதினேழு.

மே 3. வியாழன்

போனேன். இவரும் வந்தார், முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு. கறுத்த மண்ணில் நாற்பத்தொரு இடத்தில் மஞ்சள். மார்ச்சில் பூக்க வேண்டியது மே மாதத்தில், தன் தாமதத்துக்கும் தாமதமாக வந்து நிற்கிறது. நான் ஒரு பூவைத் திருப்பி முதுகைக் காட்டினேன். இவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார்.

“இதுக்கா இம்புட்டு பாடு?”

“இதுக்குத்தான்.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு செடியாகப் போய்க் குனிந்து முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டும் வரவில்லை.

இந்த முறை ஒட்டும்போது ஒரு பூ முகம் மேலே, ஒரு பூ முதுகு மேலே.

மே 11. வெள்ளி

ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் ஆள் ஒரே வரி எழுதியிருக்கிறார்: “என் ஐயம் தீர்ந்தது, பழைய தாளின் உறை தீர்த்துவைத்தது.” ஆய்வகத்தில் யாருமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உரக்கச் சொன்னேன். செரோட்டினுஸ், செரோட்டினா, செரோட்டினும். மூன்று தடவை.

ஜூன் 27. புதன்

கட்டுரை வெளிவந்துவிட்டது. புது இனத்தின் பெயருக்குப் பின்னால் அதை வெளியிட்டவர் பெயர் வர வேண்டும் என்பது விதி, நானாக வைத்துக்கொண்டதல்ல. இனி உலகத்தில் யார் இந்தச் செடியைப் பற்றி எழுதினாலும் குரோட்டலேரியா செரோட்டினா சங்கரவடிவு என்று முழுதாக எழுத வேண்டும். இவர் அதைத் தாளில் எழுதி மின்வாரிய நண்பர்கள் எல்லோருக்கும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். மாத்திரைப் பெயர் என்று சொன்ன அதே ஆள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு 114-ஐ ஹெர்பேரியத்தில் திரும்ப வைத்தேன். ரோஜா நிற இரவல் சீட்டை எடுத்து, “திரும்பியது” என்று தேதி போட்டேன். வைப்பதற்கு முன் என் சீட்டை ஒட்ட வேண்டும். புதுத் துறைத்தலைவி பக்கத்தில் நின்றார். சின்னப் பெண், என் மகளைவிடப் பதினைந்து வயதுதான் கூட. 1997-இல் சார் ஒட்டிய சீட்டைக் காட்டி, “மேடம், இதுக்கு மேலயே ஒட்டிருங்களேன், அது மறைஞ்சிரும்” என்றார்.

“மறைக்கக்கூடாது” என்றேன்.

வழக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். நூறு வருடம் கழித்து யாரோ இந்தத் தாளை எடுக்கும்போது எல்லாம் தெரிய வேண்டும். நான் முதுகைப் பசையில் அடைத்தது, அவர் சிரித்தது, பிறகு அவரே எழுதியது. மூன்று சீட்டுக்கும் கீழே நாலு விரல் இடம் இருந்தது. அங்கே பசை தடவினேன், குறைவாக. செடியின் பெயரும் என் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வைத்து, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.